ஊசி போட்டால் நாளைக்கு டூட்டியா?

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரகடம் சாலை பிரிகிற சிங்கப்பெருமாள் கோவிலில், சளியோடு வரும் காய்ச்சலுக்கான தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது: ஒரு ஊசி, ஒரு செட் மாத்திரை, மறுநாள் டூட்டி. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கேளுங்கள். ஒரே அறையில் கூட்டமாகத் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்களைக் கேளுங்கள். அவர்களுக்கு அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கார அம்மாவைக் கேளுங்கள். யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். “வெறும் மாத்திரைக்குக் கேக்காது, ஊசி போடுற டாக்டர்கிட்ட போ” என்பது இங்கே ஒருவர் இன்னொருவருக்குச் செய்கிற உபகாரம். ‘தண்ணி நிறையக் குடிங்க, படுத்துத் தூங்குங்க’ என்று சொல்லி அனுப்புகிற மருத்துவரைக் கைராசி இல்லாதவர் என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

மருந்தின் மேல் இந்த வட்டாரத்துக்கு இருக்கும் பக்தி பழையதுதான். பக்கத்துத் திருக்கச்சூரில் மலையடிவாரத்துச் சிவனுக்கே மருந்தீஸ்வரர் என்று பெயர். ஆனால் நான் மறுக்க வந்தது பக்தியை இல்லை. வைரஸால் வரும் சளிக்காய்ச்சலை ஊசியாலும் ஆன்டிபயாடிக்காலும் ஒரே நாளில் துரத்திவிடலாம் என்பது பொய். அந்தப் பொய்யை நம்புகிறவர் படிப்பறிவில்லாததால் நம்புகிறார் என்பது அதைவிடப் பெரிய பொய். முதல் பொய்யை மருத்துவர்கள் அவ்வப்போது கண்டிக்கிறார்கள். இரண்டாவதைக் கண்டிக்க ஆளில்லை. அதனால் கண்டனம் ஆண்டுதோறும் நடக்கிறது, ஊசியும் ஆண்டுதோறும் நடக்கிறது.

ஊசிக்காரர்களின் முதல் வாதம், ‘போட்டால் இறங்குகிறதே’ என்பது. இறங்கும். அந்த ஊசிக்குள் பெரும்பாலும் இருப்பது பாராசிட்டமாலோ டைக்ளோஃபினாக்கோ. கூட ஒரு அலர்ஜி மருந்து. சில இடங்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. முதல் இரண்டும் உடம்புச் சூட்டையும் வலியையும் குறைக்கும். ஸ்டீராய்டு இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்றுமே இல்லை என்பது போன்ற ஒரு தெம்பைக் கொடுக்கும். மூக்கிலும் தொண்டையிலும் பெருகிக்கொண்டிருக்கிற வைரஸுக்கு இவற்றால் ஒரு சேதமும் இல்லை. பாராசிட்டமாலை ஊசியில் ஏற்றினாலும் மாத்திரையாக விழுங்கினாலும் அது அதே பாராசிட்டமால்தான்.

பிறகு ஏன் ஊசி ஜெயிக்கிறது? நாள் கணக்கால். இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தானாக இறங்குவது. முதல் நாள் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஷிப்டு முடிப்பார்கள். மூன்றாம் நாள் இரவு முடியாமல் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விடும். அது போகிற நாளில் வந்து சேர்ந்த ஊசிக்கு முழுப் புகழும் போகிறது. மூன்று நாள் போராடிய உடம்பின் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஸ்டீராய்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ‘கொரோனாவுக்கே அதைத்தானே கொடுத்தார்கள்’ என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கொடுத்தார்கள். யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2020இல் பிரிட்டனில் நடந்த ‘ரெகவரி’ ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை, தீமை இருக்கலாம் என்றுகூட எண்கள் காட்டின. ஷிப்டு முடித்துத் தன் காலில் நடந்து கிளினிக்குக்கு வருகிறவர் இந்த மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டே, 2021 கோடையில், கறுப்புப் பூஞ்சை வந்தது. சர்க்கரை நோயும் கட்டுப்பாடில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்த இடங்களில் அது கண்ணையும் தாடையையும் பறித்தது. தமிழ்நாடு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாகப் பட்டியலில் சேர்த்தது அந்த மே மாதத்தில்தான். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற நாற்பது வயதுக்காரர்கள் நிறைந்த வட்டாரத்தில், பெயர் சொல்லாத ஊசியில் ஸ்டீராய்டைக் கலந்து ஏற்றுவதை அலட்சியம் என்பதா, துணிச்சல் என்பதா?

அடுத்தது ஆன்டிபயாடிக். ‘மெடிக்கல்’ வாசலில் நின்றால் கேட்கலாம்: “அண்ணே, சளி காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க, அசித்ரோ சேத்து.” ரெண்டு வேளைக்கு மட்டும் கத்தரித்து வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்வது. சளிக்காய்ச்சலைக் கொண்டுவருவது பெரும்பாலும் வைரஸ். இதை இந்திய மருத்துவச் சங்கமே சொல்லிவிட்டது. 2023 மார்ச் தொடக்கத்தில் எச்3என்2 இன்ஃப்ளூயன்சா நாடெங்கும் பரவியபோது, அசித்ரோமைசினையும் அமாக்சிக்ளாவையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, இப்படி எழுதிக்கொடுப்பதை நிறுத்துங்கள் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம் வரை இருக்கக்கூடும் என்றும் அதே அறிக்கை சொன்னது. அந்த மார்ச் 10ஆம் தேதி தமிழ்நாடு அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. அந்த அளவு பரவலிலும் பரிந்துரை அதுதான்: ஓய்வு, நீர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்.

இருமல் மூன்று வாரம் என்பதை யாரும் நோயாளியிடம் சொல்வதில்லை. சொல்லியிருந்தால், ஏழாம் நாள் இருமலுக்காக இரண்டாவது கோர்ஸ் ஆன்டிபயாடிக் விற்றிருக்காது.

‘பின்னால் நிமோனியா வந்துவிடக் கூடாதே என்று முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கிறோம்’ என்பார்கள். வராத பாக்டீரியாவுக்கு முன்கூட்டியே போடும் மருந்து, ஆரோக்கியமானவருக்கு நிமோனியாவைத் தடுப்பதில்லை. அது குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவைக் கொன்று வயிற்றுப்போக்கைத் தரும். தப்பிப் பிழைத்த பாக்டீரியாவை அந்த மருந்துக்குப் பழக்கிவிடும். இந்த ஆபத்தைப் பற்றி நாட்டுக்கு எச்சரிக்கை மணி அடித்தது நம் ஊர்தான்: 2012இல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி எழுதியதற்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர். அதன் பிறகு 2014 மார்ச்சில் அட்டவணை எச்1 நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது. அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

இங்கே எதிர்த்தரப்பின் கையில் ஒரு நியாயமான சீட்டு இருக்கிறது. அதை நானே எடுத்துப் போடுகிறேன். செங்கல்பட்டு உள்ளிட்ட வடமாவட்டங்களில் ஸ்க்ரப் டைபஸ் உண்டு. புதர்களில் இருக்கும் சிறு பூச்சியின் கடியால் வரும் அந்தக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் உண்மையிலேயே உயிர் காக்கிற மருந்துகள். ‘பார்த்தீர்களா, அதனால்தான் அசித்ரோ கொடுக்கிறோம்’ என்று சொல்லலாம். ஆனால் அந்தக் காய்ச்சல் மூக்கு ஒழுகிக்கொண்டு வருவதில்லை. அது நாள் கடந்தும் விடாது. உடம்பில் எங்காவது, பெரும்பாலும் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ, கறுத்த பொருக்கு ஒன்று இருக்கக்கூடும். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். டெங்குவும் இப்படித்தான்: டைக்ளோஃபினாக் போன்ற வலி ஊசி ரத்தக்கசிவைக் கூட்டிவிடும் என்பதால், எந்தக் காய்ச்சல் என்று தெரிவதற்கு முன் அதைப் போடுவதே ஆபத்து. பார்க்காமல் கொடுப்பதற்கு ஆதரவாக இந்த நோய்களை இழுப்பவர்கள், பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற என் கட்சிக்கே சாட்சி சொல்கிறார்கள்.

‘சரி, உதவாவிட்டாலும் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடப் போகிறது?’ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வெளிநாட்டு ஆய்வு எதுவும் வேண்டாம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய், பெங்களூர் நெடுஞ்சாலையில் திரும்பினால் சுங்குவார்சத்திரம். செல்போனும் ஃபிரிட்ஜும் செய்கிற பெரிய ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். ‘கோல்ட்ரிஃப்’ என்ற சளி மருந்தைத் தயாரித்த ஸ்ரீசன் ஃபார்மாவும் அங்கேதான் இருந்தது. 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடா மாவட்டத்தில் சின்னக் குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்தச் சிரப்பைச் சோதித்தபோது, அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. குளிர்விப்பானிலும் பெயின்ட்டிலும் பயன்படுகிற நச்சு அது. மருந்தில் அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். ஆலையின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

அந்த வழக்கில் குற்றம் கலப்படத்துடையது, சந்தேகமில்லை. ஆனால் இன்னொரு கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. சாதாரணச் சளி, காய்ச்சல், இருமல் என்று வந்த குழந்தைகளுக்கு அந்தச் சிரப் எதற்காக எழுதப்பட்டது? பாட்டிலில் விஷம் இல்லாமல், முகப்பில் அச்சிட்டபடி பாராசிட்டமாலும் குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் மட்டுமே இருந்திருந்தாலும், அந்த வயதுக்கு அது தேவையில்லாத மருந்துதான். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கூட்டை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. தேவையில்லாத ஒரு மருந்தைக் கொடுக்கும்போது, அந்த மருந்தைச் செய்தவர், சோதித்தவர், விற்றவர் அத்தனை பேருடைய ஒழுக்கத்தையும் சேர்த்துக் குழந்தையின் வாயில் ஊற்றுகிறோம். தேவையிருந்தால் அந்தத் துணிச்சல் நியாயம். ஒரு வாரத்தில் தானே போகிற சளிக்கு அது நியாயமா? ஒரு வயது தாண்டிய குழந்தையின் இருமலுக்கு ஒரு தேக்கரண்டி தேன் போதும். ஒரு வயதுக்குக் கீழே தேனும் கூடாது.

பெரியவர்களின் ‘கோல்டு மாத்திரை’யையும் விட்டுவிடக் கூடாது. அதில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கிறது. அதை ஒரு வேளை, மேலே டோலோ 650 ஒன்று, கிளினிக் செட்டில் இன்னொன்று என்று ஒரே மருந்து மூன்று பெயரில் உள்ளே போகிறது. பெரியவர் ஒருவருக்கு நாளெல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது, குடிப் பழக்கம் உள்ளவர் அதற்கும் வெகுவாகக் கீழே நிறுத்த வேண்டும். தாண்டினால் கல்லீரல்தான் விலை. அதே கோல்டு மாத்திரையிலுள்ள அலர்ஜி மருந்து தூக்கத்தை வரவழைக்கும். அதை விழுங்கிவிட்டு நைட் ஷிப்டில் பவர் பிரஸ் முன்னால் நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். வாகன உதிரிபாகத் தொழிலில் கை நசுங்கி விரல் இழப்பவர்களைப் பற்றிச் ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வருகிற இயந்திரம் பவர் பிரஸ்தான். சளி மாத்திரைக் கணக்கு அந்த அறிக்கைகளில் இல்லை. ஆனால் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற ஒருவரை அந்த இயந்திரத்தின் முன் நிறுத்த எந்த அறிக்கையும் சம்மதிக்காது.

இப்படியெல்லாம் சொன்னால், ‘அப்போ ஒண்ணுமே செய்ய வேணாமா? கஷாயம் குடிச்சிட்டுப் படுத்துக்கணுமா?’ என்று எகத்தாளமாகக் கேட்பார்கள். இது ஊசிக் கட்சியின் மறுபக்கம்: ஒன்று எல்லாவற்றுக்கும் ஊசி, இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் நிலவேம்பு. கஷாயம் குடிக்க விரும்புகிறவர் குடிக்கட்டும். கர்ப்பிணிகள் கேட்காமல் குடிக்க வேண்டாம். அதைக் குடித்துவிட்டேன், இனிப் பயமில்லை என்று மூச்சுத் திணறலைப் பொறுத்துக்கொள்வதுதான் கூடாது. ஆவி பிடிப்பதும் அப்படியே, கொஞ்ச நேரம் மூக்கு திறக்கும், அவ்வளவுதான். 2021 மேயில் பொது இடங்களில் கூட்டாக ஆவி பிடிக்க ஏற்பாடு செய்தபோது, வேண்டாம் என்று மாநிலச் சுகாதார அமைச்சரே சொல்ல வேண்டி வந்தது.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதன் இன்னொரு பெயர் ஆகாது. அதற்கென்று மத்திய சுகாதார அமைச்சகம் 2009 பன்றிக் காய்ச்சல் காலத்திலேயே எளிமையான ஒரு பிரிவினை செய்து வைத்தது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி என்றால் அது ‘ஏ’ பிரிவு: பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் மருந்தான ஓசெல்டாமிவிரும் வேண்டாம், வீட்டில் ஒதுங்கியிருந்து 24 முதல் 48 மணி நேரம் கவனித்தால் போதும். கடுங்காய்ச்சலும் கடுமையான தொண்டை வலியும் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், 65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ‘பி’ பிரிவு: வீட்டில்தான், ஆனால் மருத்துவர் பார்த்து ஓசெல்டாமிவிர் கொடுப்பதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். இவர்கள் மூன்றாம் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அந்த மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் கலந்த தூக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்தல் என்றால் ‘சி’ பிரிவு, 108ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

எவ்வளவு தெளிவு பாருங்கள். இந்த முடிவை எடுக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முழுதாகச் சொல்ல முடிகிறதா என்று அறைக்காரரே கேட்டுப் பார்க்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினால் உடனே கிளம்பலாம். குழந்தையின் வயிறு எழும்பித் தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணலாம்: இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது முடியாத குழந்தைக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்கு 40, அதைத் தொட்டாலோ விலா உள்ளிழுத்தாலோ ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி குளிரோடு திரும்பினால், அப்போதுதான் பாக்டீரியா நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். ஆன்டிபயாடிக்குக்கு இடம் அங்கேதான். முதல் நாளே அதைத் தின்று தீர்த்தவர் இந்தத் திருப்பத்தையும் ‘பழைய காய்ச்சல்தான்’ என்று நினைத்து ஏமாறுவார்.

இனிதான் எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதம் வருகிறது. அது மருத்துவ வாதமே இல்லை. “ஓய்வெடுன்னு சொல்றது சம்பளத்தோட லீவு இருக்கிறவங்க பேசுற பேச்சு சார். காண்ட்ராக்ட்ல இருக்கிறவன் படுத்தா யார் சோறு போடுவா?” இந்தக் கேள்வியின் முன் நான் தலைவணங்குகிறேன். ஊசியை நியாயப்படுத்துகிறவர்கள் சொல்வதிலேயே உண்மையான வாக்கியம் இது ஒன்றுதான். இதிலிருந்து அவர்கள் எடுக்கிற முடிவுதான் தவறு.

கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு 600 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் காய்ச்சல். பல பத்தாண்டுகள் ஆலைகளை ஆண்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் நோய் விடுப்பு என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு இருந்தது, அவ்வளவுதான். அதைப் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். மிஞ்சுவது இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம். அதன் நோய்க்கால உதவித்தொகை சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோயின் முதல் இரண்டு நாளுக்கு அது கிடையாது. ‘காத்திருப்பு நாள்’ என்று கழித்துவிடுவார்கள். நான்கு நாளில் இரண்டு போக, மீதி இரண்டு நாளுக்கு 840 ரூபாய். இழந்தது 1,560. மருத்துவச் சான்று வாங்க டிஸ்பென்சரிக்குக் காய்ச்சலோடு பஸ் ஏறி, வரிசையில் நிற்க வேண்டும். அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் உள்ள இடமென்றால் ஒரே நாள் ஆப்சென்டில் அந்த மாதத் தொகையும் போச்சு. பணியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 9 மாதம் நோய்க்கால உதவித்தொகையே இல்லை. அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டவர்கள் திட்டத்துக்கே வெளியே. இந்தச் சாலையில் அவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸும் சொல்லும்.

சாதாரண வைரஸ் காய்ச்சல் எத்தனை நாள்? மூன்று, மிஞ்சினால் நான்கு. காத்திருப்பு நாள் என்கிற கத்தரி அதில் பாதியையும் பாதிக்கு மேலும் வெட்டிவிடுகிறது. காசநோய்க்கும் கால் முறிவுக்கும் உதவுகிற திட்டம், எல்லோருக்கும் வருகிற சளிக்காய்ச்சலைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த இடைவெளியில்தான் ஊசி உட்கார்ந்திருக்கிறது. சில நூறு ரூபாய் ஊசி, 1,560 ரூபாய் நஷ்டத்தைத் தவிர்க்கும் என்று தொழிலாளி கணக்குப் போடுகிறார். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அவர் கிளினிக்கில் வாங்குவது மருந்தே இல்லை, யாரும் கொடுக்காத விடுப்புக்கான மாற்று. அவரை ‘விழிப்புணர்வு இல்லாதவர்’ என்று சொல்லிப் போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் முதல் தேதி வந்துவிடும்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு எழுதப்படவில்லை: பக்கத்து ஆள். இன்ஃப்ளூயன்சா வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்து ஐந்து முதல் ஏழு நாள் வரை மற்றவர்களுக்குப் பரப்பக்கூடும். ஊசி சூட்டை மட்டும் இறக்கிவிடுவதால் ஆலை வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானித் துப்பாக்கி பச்சை காட்டும். அவர் ஏ.சி. பஸ்ஸில், லைனில், கேன்டீனில், அறையில், மூச்சுவிடும் இடமெல்லாம் விநியோகித்துக்கொண்டே போவார். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே வளாகத்தில் 18,720 படுக்கைகள். அப்படி வாழ்கிற மக்களிடையே ஒருவருடைய காய்ச்சல் அவர் சொந்த விவகாரம் என்று யார் சொல்ல முடியும்? 2021 மே மாதம் இது எல்லோருக்கும் புரிந்தது. ஒரகடம் ரெனோ நிசான் தொழிலாளர் சங்கம் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிலாளர்களும் குரல் எழுப்பினார்கள். மாதக் கடைசியில் இரண்டு ஆலைகளும் சில நாள் நின்றன. லைனில் நிற்பவரின் நுரையீரலும் உற்பத்தியின் ஒரு பகுதி என்று அந்த வாரத்தில் ஒப்புக்கொண்டோம். அலை ஓய்ந்ததும் மறந்தோம்.

ஆகவே ‘ஏழைக்கு ஓய்வு கட்டுப்படியாகாது, அதனால் ஊசி’ என்ற வாதத்தைத் திருப்பிப் போடுகிறேன். ஓய்வு கட்டுப்படியாகாமல் செய்து வைத்திருப்பது யார்? ஒரகடத்தில் லாரி செய்கிற நிறுவனமும் மகேந்திரா சிட்டியில் கார் செய்கிற நிறுவனமும் ஜெர்மனியைத் தாயகமாகக் கொண்டவை. அந்த நாட்டுச் சட்டப்படி, நான்கு வாரம் பணி முடித்தவர் நோயில் விழுந்தால் முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம், ஆறு வாரம்வரை முதலாளியின் பொறுப்பு. அங்கே இரும்பு வேறு, இங்கே இரும்பு வேறு இல்லை. வைரஸும் வேறு இல்லை.

இதற்காக ஜெர்மனி ஆக வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. காத்திருப்பு நாளை எடுக்கலாம், குறைந்தது இன்ஃப்ளூயன்சா ஏறுகிற வடகிழக்குப் பருவமழை மாதங்களிலாவது. மூன்று நாள்வரையான காய்ச்சலுக்கு ஆலை மருத்துவ அறையின் நர்ஸ் கொடுக்கிற சீட்டையே போதுமான சான்றாக ஏற்கலாம். காய்ச்சல் விடுப்பை இன்சென்டிவ் கணக்கில் ஆப்சென்டாக எழுதக் கூடாது என்று தொழிலாளர் துறை சொல்லலாம். ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று ஆலைக்குள்ளேயே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க முடிகிற அரசுக்கு, அந்த ‘ஏ, பி, சி’ பிரிவினையைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒட்டுவது பெரிய வேலை இல்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். மாதம் 18,000 வாங்குகிறவரிடமிருந்து 0.75 சதவீதமாக 135 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள், முதலாளி தரப்பு 3.25 சதவீதமாக 585 ரூபாய் போடுகிறது. இரண்டும் சேர்ந்து 720. காய்ச்சல் வராத மாதத்திலும் அது நிற்காமல் போகிறது. காத்திருப்பு நாள் என்று அவரிடம் மறுக்கப்படுகிற இரண்டு நாள் தொகை 840 ரூபாய், ஒரு மாதச் சந்தாவைவிட 120 ரூபாய்தான் கூடுதல். படுத்த முதல் நாளிலிருந்தே அந்தப் பணம் கைக்கு வரும், இன்சென்டிவும் போகாது என்று தெரிந்த பிறகும் ஒருவர் காய்ச்சலோடு எழுந்து ஊசிக்கு வரிசையில் நின்றால், அன்றைக்கு வேண்டுமானால் அவருடைய அறியாமையைப் பற்றிப் பேச உட்காரலாம்.